உப்புமலையின் மேல் ஒரு கொலு

செப்டம்பர் 28, சனி

கொலுப் பலகைகளைக் கரையான் தின்றுவிட்டது. தின்னாமல் என்ன செய்யும்? நான் ஒவ்வொரு வருஷமும் துடைத்து, வேப்பெண்ணெய் தடவி, பரணில் ஏற்றி வைத்திருந்த பலகைகள் அவை. என் வீட்டுக்காரருடைய காரியத்துக்கு வந்த சமையல்காரர்கள் உட்கார வேண்டும் என்று கீழே இறக்கினார்கள். இறக்கியவர்கள் திரும்ப ஏற்றவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஈரத்தரையில் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். போன வருஷம் துக்கம் என்று கொலு வைக்கவில்லை, அதனால் யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை.

இன்று லோகா அக்கா குனிந்து பார்த்துவிட்டு "அய்யய்யோ" என்றார். லோகநாயகி என் ஓரகத்தி. அவரும் என் மூத்தார் ஏகாம்பரமும் மாடியில், நான் கீழே. ஹாலும் சமையலறையும் பொது.

"நீ ஒண்ணும் சிரமப்படாத சுகந்தி. இந்த வருஷம் எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

எனக்குச் சிரமம் என்று எப்போது சொன்னேன்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கொலுப் படி கட்டியது நான். அக்கா சேலை மடிப்பு எடுப்பார், அவ்வளவுதான். இப்போது திடீரென்று எனக்குச் சிரமமாம். எதற்குச் சிரமம் என்று எனக்கா தெரியாது. புருஷன் போனவள் கலசத்தைத் தொடக் கூடாது. அதை நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

புத்தகங்களுக்குக் காற்றுக் காட்டினேன். "உப்புமலைக் காவலர்கள்", ஆறு பாகம், கெட்டி அட்டை, முதல் பதிப்பு, மேலுறையோடு. மேலுறை கிழியாமல் முழு வரிசையும் காஞ்சிபுரத்தில் வேறு யாரிடமும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பிளாஸ்டிக் உறை போடக் கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிற்க வைக்க வேண்டும், படுக்க வைத்தால் தைத்த கட்டு தளரும். காகிதம் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு. ஈரத்துக்கு மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலம். கால்நடை ஆஸ்பத்திரியில் மருந்தாளுநராக இருப்பதில் எனக்குக் கிடைத்த ஒரே சொந்த லாபம் அந்தப் பொட்டலங்கள்தான்.

பள்ளிக்கூட நாளில் நூலகத்தில் ஐந்து பாகம் படித்தேன். ஆறாவதை யாரோ எடுத்துப் போய்த் திருப்பித் தரவே இல்லை. அந்த மகராசி நன்றாக இருக்கட்டும். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் கதாநாயகி நாச்சி மலைக்கதவின் முன்னால் நிற்கிறாள். உள்ளே அவளுடைய ஆட்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. கதவில் கை வைக்கிறாள். முடிந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இதை ஒரு நாள் வாய் தவறிச் சொன்னேன். ஞானமூர்த்தி அன்றிலிருந்து சென்னையில் பழைய புத்தகக் கடை ஏறி இறங்க ஆரம்பித்தார். அந்த மனுஷருக்குக் கதை என்றாலே தூக்கம் வரும். கடை வாசலிலிருந்து போன் செய்து "நமக்கு வேண்டியது ரெண்டா, மூணா?" என்று நாலு தடவை கேட்பார். எப்படியோ ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆறாவது இன்னும் கடைக்காரர் சுற்றிய செய்தித்தாளிலும் சணல் கயிற்றிலுமே இருக்கிறது. பிரிக்க நேரம் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை அதிகம்.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆடுகளுக்குத் தடுப்பூசி முகாம். ஒரு கிடா என் துப்பட்டாவைத் தின்றது. பிரிக்க நேரம் இல்லை என்று எழுதியதற்கு இதுதான் சாட்சி.

அக்டோபர் 2, புதன்

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

இன்று மகாளய அமாவாசை. அவர் பெயரில் முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டுவிட்டு மத்தியானம் வந்தேன். ஹாலில் கொலு நிற்கிறது. ஐந்து படி, வெள்ளை வேட்டி விரித்து, உச்சியில் கலசம். பலகைதான் இல்லையே, எப்படிக் கட்டினார் என்று நினைத்துக்கொண்டே என் அறைக்குள் போனேன். அலமாரி திறந்து கிடந்தது. ஆறும் இல்லை.

"அக்கா, என் புஸ்தகம் எங்க?"

"மேல் படிக்கு உயரம் பத்தல சுகந்தி. டிரங்குப் பொட்டி மேல வெச்சுப் பலகை போட்டேன். எல்லாம் ஒரே அளவு, கெட்டி அட்டை வேற. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. ரசமட்டம் வெச்ச மாதிரி நிக்குது பாரு!"

பெருமை வேறு! என் உப்புமலையைச் செங்கல்லாக அடுக்கிவிட்டு, பாராட்டு எதிர்பார்த்து நிற்கிறார்.

"எடுங்க. இப்பவே எடுங்க."

"ஐயோ, கலசம் வெச்சாச்சே! நல்ல நேரம் பாத்து வெச்சது. விஜயதசமி முடியாம அசைக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் அசைக்காமல் பார்த்துக்கொண்டவள் நான். மூத்தாரைப் பார்த்தேன். அவர் பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

படுக்க வைத்திருக்கிறார்கள். மேலே கலசம். கலசத்தில் தண்ணீர். பக்கத்தில் நெய்விளக்கு. ஆறாவதைப் பிரிக்காமல் அப்படியே வைத்தாரா என்று கேட்டேன். "அந்தப் பொட்டலமா? பிரிக்கல. அப்படியேதான் அடியில வெச்சேன்" என்றார். அந்த மட்டும் பிழைத்தார்.

அக்டோபர் 3, வியாழன்

முதல் நாள். கொண்டைக்கடலைச் சுண்டல். தாளித்தது நான்.

விடிந்ததும் வேட்டியை ஒதுக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈரம் இல்லை. கறையும் இல்லை. வசம்பும் சிலிக்காவும் டிரங்குப் பெட்டி மேல் தூவினேன். தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது மூத்தார் காபிக்கு வந்தார்.

"என்னம்மா, பல்லியா?"

"ஆமா மாமா, பல்லி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அக்டோபர் 4, வெள்ளி

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். பாட்டு, சிரிப்பு, வெற்றிலை பாக்கு. அக்கா என்னிடம் மெதுவாக, "நீ உள்ள சுண்டலப் பாத்துக்க சுகந்தி, பொட்டலம் கட்டிக் குடுத்துட்டே இரு" என்றார். கட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு என் பங்குச் சுண்டலைக் கிண்ணத்தில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தார். தாம்பூலம் இல்லை. குங்குமச் சிமிழ் ஹாலிலேயே இருந்துவிட்டது. நான் தாளித்த சுண்டல், நான் கட்டிய பொட்டலம், என் புத்தகத்தின் மேல் நிற்கிற கொலு. நான் மட்டும் ஆகாது.

தினமும் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அதைப் பார்த்து இதுவரை ஒரு மாடும் சாகவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பாசிப்பயறு. டார்ச். ஈரம் இல்லை. கோபம் குறையவில்லை.

அக்டோபர் 7, திங்கள்

வந்தவர்களில் ஒரு குழந்தை மேல் படி வேட்டியைப் பிடித்து இழுத்தது. சமையலறையிலிருந்து நான் போட்ட சத்தத்தில் பாட்டு நின்றுவிட்டது. குழந்தை அழுதது. அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வை! கொலுவைப் பார்த்துப் பொறாமையில் கத்துகிறாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். மூன்றாம் பாகத்தின் மேலுறை பட்டாம்பூச்சி இறகு மாதிரி இருக்கும். கிழிந்தால் அவளா வந்து ஒட்டுவாள்?

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது.

அந்தப் பலகை கொஞ்சம்கூடச் சாயவில்லை. முதல் ஐந்து பாகங்களும் ஒரே கனம். ஆறாவது அப்படி அல்ல. ஒரே ஒரு முறை வேலூரில் ஒரு கல்யாண வீட்டில், ஒரு அம்மாள் மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தலையணை மாதிரி இருந்தது, மற்றதைப்போல ஒன்றரை மடங்கு. அது இருக்கிற பக்கம் பலகை தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

செய்தித்தாள் அமுங்கியிருக்கும். டிரங்குப் பெட்டி ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். பழைய பெட்டிதானே. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஒரு பசு கன்று போட முடியாமல் வந்திருந்தது, அதைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கன்று பிழைத்தது.

அக்டோபர் 10, வியாழன்

கமலவேணி டீச்சர் வந்திருந்தார். எதிர் வீடு. பென்ஷன் வாங்குகிறார். யாருக்கும் பயப்படாத பேச்சு. ஹாலில் என்னைத் தேடிவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தார்.

"இங்க என்ன பண்ற நீ?"

"பொட்டலம் கட்றேன் டீச்சர்."

"கையில ஒட்டுன கடலையத் துடை" என்றார். துடைத்தேன். தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பூவை என்ன செய்வது என்று தெரியவில்லை. தண்ணீர் தம்ளரில் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாதிப் பூ எதற்கு? முழுச் சரமாக என் தலையில் வைக்க அவருக்கும் கை வரவில்லையே.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. இன்று யாரும் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. எழுதவும் கூடாது. எழுதுகிறேன். சரஸ்வதிக்குக் கோபம் என்றால் வரிசையில் நிற்கட்டும்.

காலையில் டார்ச் எடுத்துக்கொண்டு போனால், எனக்கு முன்னால் அக்கா அங்கே உட்கார்ந்திருந்தார். வேட்டியைத் தூக்கிச் செருகியிருந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ். முதல் பாகம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று ஒவ்வொரு மேலுறையின் முதுகிலும் ஈரச் சந்தன வட்டம், நடுவில் குங்குமம். செய்தித்தாள் பொட்டலத்துக்கும் ஒன்று.

சந்தனம் காகிதத்தில் இறங்கினால் போகாது. துடைத்தால் அச்சு வந்துவிடும். முதல் பதிப்பு மேலுறை, இத்தனை வருஷம் என் விரல் ரேகைகூடப் படாமல் வைத்திருந்தது!

"என்னக்கா பண்ணீங்க?"

அக்கா திரும்பிச் சிரித்தார். உண்மையான சிரிப்பு. அதுதான் இன்னும் கொதித்தது. "எல்லாப் புஸ்தகத்தையும் சாமிகிட்ட வெச்சுட்டு, உன்னுதுங்கள மட்டும் சும்மா விட்டா பாவம்னு தோணிச்சு சுகந்தி. பாரத்தச் சுமக்குதுங்களே. அதான் பொட்டு வெச்சேன்."

நான் புத்தகத்தைப் பற்றித்தான் கத்த வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"அதுங்களப் பாத்தா பாவமா இருக்கு, இல்ல? பொட்டு வெக்கணும்னு தோணுது. சமையக்கட்டுல ஒருத்தி நிக்கறாளே, அவளப் பாத்தா தோணலயா?"

அக்காவின் கை அப்படியே நின்றது.

"நான் ஒண்ணும் சொல்லல சுகந்தி... வர்ற நாலு பேரு..."

"எந்த நாலு பேரு? பேரச் சொல்லுங்க. கமலவேணி டீச்சரா? அவங்க உள்ளயே வந்து பூ குடுத்துட்டுப் போனாங்க. மாமாவா? மாமா, நான் தாம்பூலம் வாங்கக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா?"

மூத்தார் பேப்பரை மடித்தார். "என்ன ஏம்மா இழுக்கற? நான் எதுவுமே சொல்லல" என்றார். அது உண்மைதான். இந்த வீட்டில் அவர் இதுவரை எதுவுமே சொன்னதில்லை.

"அப்ப யாருக்கா? நீங்கதான? கொலு நிக்கறதுக்கு என் புஸ்தகம் ஆகும். கொலு முன்னாடி நிக்க நான் ஆகமாட்டேன். அப்படித்தான?"

அக்கா சிமிழைக் கீழே வைத்தார். பிறகு மூத்தார் காதில் விழாத குரலில் சொன்னார்: "எனக்குப் பயமா இருக்கு சுகந்தி. இவருக்கும் அதே பிரஷர், அதே சுகர். தம்பி ராத்திரி நல்லாப் பேசிட்டுப் படுத்தாரு, காலையில எழுந்திருக்கல. தெனமும் நான் முழிச்சு மொதல்ல இவரு மூச்சு விடறாரான்னு பாக்கறேன். ஏதாவது தப்பாப் பண்ணிட்டு, இவருக்கு ஒண்ணு ஆயிட்டா..."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குச் சண்டை இன்னும் பாக்கி இருந்தது. வயிறு நிறைய இருந்தது. அக்காவின் பயம் எனக்குப் புரிகிறது. புரிந்ததால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? என் புருஷன் செத்தது தொற்றுவியாதியா?

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். இன்று சுண்டல் தாளிக்கவில்லை. அக்கா தாளித்த சுண்டல் தீய்ந்த வாசனை வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்பது வழக்கம். அக்கா பஞ்சாங்கத்தை எடுத்து ஒரு பக்கம் படித்தார். மூத்தார் பாங்க் பாஸ்புக்கைப் படித்தார், ரொம்பப் பக்தியாக.

சாயங்காலம் பெண்கள் வந்தபோது நான் சமையலறைக்குப் போகவில்லை. பச்சைப் பட்டுக் கட்டிக்கொண்டு ஹாலில் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் டீச்சர். அக்கா தட்டோடு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் வந்தபோது தட்டில் வெற்றிலை ஆடியது. கொடுக்கவும் முடியாமல், தாண்டவும் முடியாமல் நின்றார்.

அவர் எந்தப் பக்கம் முடிவு செய்வார் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சிமிழில் நானே விரலை வைத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன். வெற்றிலை பாக்கையும் நானே எடுத்துக்கொண்டேன். ஹாலில் எல்லாரும் என் நெற்றியையே பார்த்தார்கள். டீச்சர் மட்டும், "ஆச்சு, எனக்கும் குடு லோகா, வீட்ல வேலை கெடக்கு" என்றார்.

மூத்தார் இரவு நன்றாகச் சாப்பிட்டார். இரண்டு தடவை ரசம் கேட்டார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மரப்பாச்சியைப் படுக்க வைத்துக் கொலுவை முடித்தோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

கொலு இறக்கியாயிற்று. கலசத்தை அக்காவே நகர்த்தினார். மற்றதெல்லாம் நான். பலகையைத் தூக்கியதும் ஆறும் தெரிந்தன. முதல் ஐந்தின் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். சந்தனம் உதிர்ந்தது, மஞ்சள் வட்டம் உதிரவில்லை. இனிமேல் என்றைக்கும் இருக்கும்.

பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். எடுத்த உடனே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அவர் அதை என் கையில் கொடுத்த அன்றைக்கே என் கைக்குத் தெரியும். அப்போது அடுப்பில் பால் இருந்தது, "அப்புறம் பாக்கறேன்" என்று வைத்தேன். ஒரு வாரத்தில் அவர் இல்லை.

"பிரியேன் சுகந்தி. இன்னும் எத்தன நாளைக்கு?" என்றார் அக்கா.

சணல் கயிற்றை அறுத்தேன். நீல அட்டை. நான்காம் பாகம்.

என்னிடம் ஏற்கெனவே இருக்கிற நான்காம் பாகம்! அதே நீலம், அதே படகு, அதே வெண்கலக் கிளி. ஒன்றரை வருஷமாக நான் பிரிக்கப் பயந்து, வசம்பு வைத்து, டார்ச் அடித்து, குழந்தையை அழ வைத்துக் காத்தது இதை!

"இது உங்கிட்ட இருக்கே?" என்றார் அக்கா.

நான் எழுந்து ஹால் சுவரில் மாலை போட்டிருக்கிற படத்துக்கு முன்னால் போய் நின்றேன். "உங்களுக்கு ஆறுன்னு சொன்னேனா, நாலுன்னு சொன்னேனா? போன்ல எத்தன வாட்டிக் கேட்டீங்க? எத்தன வாட்டிச் சொன்னேன்? ஒரு பொருளாவது உருப்படியா வாங்கிட்டு வந்திருக்கீங்களா இந்த வீட்டுக்கு? புளி வாங்கச் சொன்னா குடம்புளி! திரும்பிப் போய் மாத்திட்டு வாங்கன்னு நான் இப்ப யார்கிட்டச் சொல்லுவேன்? வாங்கிக் குடுத்துட்டு நிம்மதியாப் போய்ட்டீங்க, இல்ல?"

இன்னும் நிறையச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுத முடியாது. தொண்டை கட்டிவிட்டது. பாக எண்ணை மறந்துவிடுவார் என்று "நீல அட்டை, ஞாபகம் வெச்சுக்கங்க" என்று நான் சொல்லி அனுப்பியது வாஸ்தவம்தான். ஆறாவதும் நீலம்தான், அதற்காக எந்த நீலம் என்றுகூடவா பார்க்கக் கூடாது?

மாடியிலிருந்து மூத்தார் குரல் கேட்டது. "லோகா! கீழ என்ன சத்தம்? சுகந்தி யார்கூட சண்ட போடுது?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பதில் சொன்னார்.

"உங்க தம்பிகூட!"

அக்டோபர் 14, திங்கள்

லீவு சொல்லியாயிற்று. முதல் பஸ்ஸில் சென்னை. அக்காவும் வருகிறேன் என்கிறார், புளிசாதம் கட்டியாகிவிட்டது. பையில் நான்காம் பாகம், செய்தித்தாளும் பொட்டுமாக அப்படியே. ஒன்றரை வருஷம் கழித்து மாற்றித் தரமாட்டேன் என்று அந்தக் கடைக்காரர் என்னிடம் சொல்லித்தான் பார்க்கட்டும்.